சிறிய ஓ.டி.யில் சின்ன உடல்கள்: குழந்தைகளுக்கான மயக்க மருந்துச் சேவையைச் சீர்ப்படுத்த ஒரு முழு வழிகாட்டி

ஐந்து கிலோ குழந்தையின் உடலில் ஓடும் ரத்தம் மொத்தமே சுமார் 400 மில்லி. ஸ்டாண்டில் தொங்கும் ரிங்கர் லாக்டேட் (நரம்பில் ஏற்றும் உப்புத் திரவம்) பாட்டிலில் இருப்பதோ 500 மில்லி. சொட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரோலரை யாராவது மறந்து திறந்துவிட்டால் குழந்தையின் ரத்த அளவைவிட அதிகமான திரவம் அரை மணியில் உள்ளே போய்விடும். ஆம்பூல், பாட்டில், டியூப், பழக்கம் என்று எல்லாமே பெரியவர் அளவில் இருக்க, படுத்திருக்கும் உடல் மட்டும் சிறியது. குழந்தை மயக்கவியலின் ஆபத்தில் பெரும்பங்கு இந்தப் பொருந்தாமையிலிருந்துதான் வருகிறது.

வாரத்துக்கு ஐந்தாறு குழந்தைகளை, பெரியவர்களின் பட்டியலுக்கு நடுவே எடுக்கும் தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளுக்கும் நர்சிங் ஹோம்களுக்கும் எழுதப்பட்டது இது. குடலிறக்கம், முன்தோல் நீக்கம், டான்சில், எலும்பு முறிவு, தீக்காய டிரெசிங் ஆகியவைதான் அங்கே பெரும்பாலான வேலை. அளவுகள் எல்லாம் பயிற்சி பெற்ற மயக்கவியல் மருத்துவரின் கையில் இருக்க வேண்டியவை.

2017-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று 33 நாடுகளில் 261 மருத்துவமனைகளைப் பார்த்தது. ஏறக்குறைய 31,000 மயக்க நிகழ்வுகளில் 5.2 விழுக்காட்டில் கடுமையான சிக்கல் நேர்ந்திருந்தது. அவற்றில் பெரும்பகுதி மூச்சு சார்ந்தது. வயது குறையக் குறைய ஆபத்து கூடியது; குழுவின் மூத்தவருக்கு அனுபவம் கூடக்கூட அது குறைந்தது. வசதி நிறைந்த நாடுகளின் கணக்கே இது. ஆகவே எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை. முதலில் மூச்சு, அடுத்து மருந்தின் அளவு.

படி 1: முதலில் 20 குழந்தைகளை அளந்து பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், அடுத்து வரும் 20 குழந்தைகளுக்கு ஒரு தாளில் ஐந்தே விவரங்கள் எழுதுங்கள்: கடைசியாகக் குடித்ததிலிருந்து மயக்கம் வரை எத்தனை மணி நேரம், ஆக்ஸிஜன் அளவு 90-க்குக் கீழே ஒரு நிமிடத்துக்கு மேல் இறங்கியதா, ரெக்கவரிக்கு (மயக்கம் தெளியும் அறைக்கு) வந்ததும் உடல் வெப்பம், அங்கே அதிகபட்ச வலி மதிப்பெண், அன்று ரத்தான கேஸ் என்றால் ஏன்.

ஐந்துக்கு மேல் வைத்தால் மூன்றாவது வாரத்தில் யாரும் எழுத மாட்டார்கள். பெரும்பாலான இடங்களில் முதல் தாளே அதிர்ச்சி தரும். ஆறு மணி நேரப் பட்டினி என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள், தாளில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும். இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு சின்ன மாற்றம் செய்து, ஒரு வாரம் பார்த்து, வேலை செய்தால் வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். கேஸ் வரிசைப்படி புள்ளி வைத்த ஒரு வரைபடம் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) சுவரில் இருந்தால் போதும். சராசரியைவிட இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) பாருங்கள். 20 பேரில் ஒருவர் 18 மணி நேரம் பட்டினி கிடந்திருந்தால் சராசரி ஏமாற்றிவிடும்.

படி 2: எடை போடாத குழந்தைக்கு ஊசி இல்லை

எடையைத் தாயிடம் கேட்டு எழுதுவதும், கண்ணால் பார்த்து மதிப்பிடுவதும் நிற்க வேண்டும். வார்டிலேயே தராசில் வைத்து, கிலோவில் எழுதி, கைப்பட்டையிலும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலும் இருக்கட்டும். தராசில் வைக்கவே முடியாத அவசரத்தில் மட்டும் 1 முதல் 5 வயது வரை ‘வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டு’ என்ற கணக்கு உதவும். நம்மூரில் மெலிந்த குழந்தைகளுக்கு அதுவும் கூடுதலாகக் காட்டும்.

அடுத்து மருந்துத் தாள். 3, 5, 8, 10, 12, 15, 20, 25 கிலோ என்று எடைக்கு ஒரு தாள். ஒவ்வொரு மருந்துக்கும் மில்லிகிராம், கரைத்த வலிமை, மில்லி மூன்றும் அச்சிட்டிருக்க வேண்டும். நெருக்கடியில் மனக்கணக்கு போடும் மூளை பத்து மடங்கு தவறும். கரைப்பதை ஓ.டி. முழுவதற்கும் ஒரே விதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அட்ரினலின்: 1 மில்லிகிராம் ஆம்பூலை 10 மில்லியாக்கினால் மில்லிக்கு 100 மைக்ரோகிராம். இதயம் நின்றால் கிலோவுக்கு 0.1 மில்லி, 10 கிலோவுக்கு 1 மில்லி.

அட்ரோபின்: 0.6 மில்லிகிராம் ஆம்பூலை 6 மில்லியாக்கினால் மில்லிக்கு 0.1 மில்லிகிராம். கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்ற கணக்கில் 10 கிலோவுக்கு 2 மில்லி.

சக்ஸமித்தோனியம் (விரைவாகத் தசையைத் தளர்த்தும் மருந்து): மில்லிக்கு 50 மில்லிகிராம் உள்ள வயலிலிருந்து மில்லிக்கு 10 மில்லிகிராமாகக் கரைத்தால் 10 கிலோவுக்கு நரம்பில் (சிரையில்) 2 மில்லி. கானுலா (நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) இல்லாவிட்டால் தசையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம். அதைக் கரைக்காமல் எடுத்தால் 0.8 மில்லி.

ஃபென்டனில் (வீரியமான வலி மருந்து): மில்லிக்கு 10 மைக்ரோகிராமாகக் கரையுங்கள். கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்றால் 10 கிலோவுக்கு 1 மில்லி.

பாராசிட்டமால் ட்ரிப் பாட்டிலைத் தனியே சொல்ல வேண்டும். மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும். 10 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்ற அளவில், 8 கிலோ குழந்தைக்கு 60 மில்லிகிராம், அதாவது 6 மில்லி. ஷீட்டில் ‘60’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை 60 மில்லியாகப் படிப்பவர் கிலோவுக்கு 75 மில்லிகிராம் கொடுத்துவிடுவார். பல நாடுகளில் நடந்த தவறு இது. பாட்டிலைத் தொங்கவிடாமல் சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். இன்னொரு பொறி மார்ஃபின். மில்லிக்கு 10 மில்லிகிராம், 15 மில்லிகிராம் என இரண்டு வலிமையிலும் ஆம்பூல் கிடைக்கிறது. ஒரு வலிமையை மட்டுமே வாங்குங்கள்.

படி 3: முந்தின நாள் மாலை ஒரு போன்

இந்த வழிகாட்டியில் செலவே இல்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான். ‘ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஒன்றும் கொடுக்காதே’ என்ற ஒற்றை வரி எல்லாக் குழந்தைகளுக்கும் போகிறது. பதினொரு மணிக்கு எடுக்கும் குழந்தை அதற்குள் அழுது ஓய்ந்துவிடும். நீர் வறண்ட குழந்தைக்கு நரம்பு கிடைக்காது, மயக்கத்தில் ரத்த அழுத்தம் சரியும், கைக்குழந்தைக்குச் சர்க்கரையும் இறங்கலாம்.

திட உணவு, மாட்டுப்பால், பால் கலந்த டீ, காபி, பிஸ்கட் எல்லாம் 6 மணி நேரம். தாய்ப்பால் 4 மணி நேரம். ஐரோப்பியச் சங்கம் 2022-இல் இதை 3 ஆக்கியது. தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், பால் கலக்காத கடுங்காப்பி போன்ற தெளிந்த திரவம் 2 மணி நேரம். 1 மணி நேரம் போதும் என்று ஐரோப்பிய நாடுகள் 2018 முதல் சொல்கின்றன. உங்கள் துறை 2 என்றால் 2 ஆகவே இருக்கட்டும், அதைச் சரியாகச் செய்வதே பெரிய முன்னேற்றம். கஞ்சி தெளிந்த திரவம் ஆகாது. நீராகத் தெரிந்தாலும் அதைத் திட உணவாகவே எண்ணுங்கள்.

போனில் விதியை ஒப்பிக்காமல் கடிகார நேரம் சொல்லுங்கள்: “அம்மா, பாப்பாவுக்குக் காலையில மூணு மணிக்குத் தாய்ப்பால் கொடுத்திடுங்க. அஞ்சு மணிக்கு எழுப்பி ரெண்டு மூணு வாய் சர்க்கரைத் தண்ணி கொடுங்க. அதுக்கப்புறம் எதுவும் வேண்டாம்.” காலையில் வந்ததும் “வெறும் வயிறுதானே?” என்று கேட்டால் பயத்தில் “ஆமாம்” என்றுதான் வரும். “கடைசியா என்ன கொடுத்தீங்க, எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். பாட்டி கூட வந்திருந்தால் அவரிடமும் தனியாகக் கேளுங்கள். பசி பொறுக்காமல் பிஸ்கட் கொடுத்திருக்கக்கூடியவர் அவர்.

அதே போனில் இன்னும் நான்கு கேள்விகள். சளி, காய்ச்சல் இருக்கிறதா? பல் ஆடுகிறதா? குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்ப நெடுநேரம் ஆனதா? பையன் தாமதமாக நடந்தானா, கெண்டைக்கால் பருத்திருக்கிறதா? சொந்தத்தில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் மூன்றாவது கேள்வி முக்கியம். சக்ஸமித்தோனியத்தைச் சிதைக்கும் நொதியின் குறைபாடு மரபு வழியே வருவது. நான்காவது கேள்விக்கு ‘ஆம்’ என்று வந்தால் அந்த மருந்தே கூடாது. தசை நலிவு நோயில் அது பொட்டாசியத்தைக் கொட்டி இதயத்தை நிறுத்திவிடும்.

சளியைப் பற்றி. மூக்கில் தெளிந்த நீர் மட்டும் வடிகிறது, காய்ச்சல் இல்லை, ஓடி விளையாடுகிறது என்றால் அனுபவம் உள்ளவர் கையில் எடுக்கலாம். காய்ச்சல், நெஞ்சில் இரைச்சல், சளியோடு இருமல், சோர்வு இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளிவையுங்கள். இதை முந்தின நாளே போனில் கண்டுபிடிக்காவிட்டால், விடியற்காலை பஸ் பிடித்து இரண்டு பேரின் கூலியை இழந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்ப நேரும். அடுத்த தேதிக்கு அவர்கள் வருவார்கள் என்பது நிச்சயமில்லை.

படி 4: தட்டில் மூன்று அளவு

கைக்குழந்தை கிலோவுக்கு நிமிடத்துக்கு 6 முதல் 8 மில்லி ஆக்ஸிஜன் எரிக்கிறது. பெரியவர் சுமார் 3. நுரையீரலில் சேமிப்போ குறைவு. மூச்சு நின்றால் ஒரு நிமிடத்துக்குள் நிறம் மாறும். டியூப் தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

கஃப் (டியூபைச் சுற்றி ஊதும் சிறு பலூன்) இல்லாத மூச்சு டியூபுக்கு வயதை நான்கால் வகுத்து 4 கூட்டுங்கள், கஃப் உள்ளதற்கு 3.5. அந்த அளவு, அரை அளவு மேலே, அரை அளவு கீழே என்று மூன்றும் தட்டில் இருக்க வேண்டும். வாய் வழி ஆழம்: வயதில் பாதியோடு 12 செ.மீ. கஃப் அழுத்தம் 20 செ.மீ. நீர் அளவைத் தாண்டக் கூடாது. எல்.எம்.ஏ. (குரல்வளை மேல் அமரும் மூச்சுக் கருவி) 5 கிலோ வரை 1, 10 வரை 1.5, 20 வரை 2, 30 வரை 2.5. முகமூடி இரண்டு அளவு, வாய்க் குழாய், நேர் பிளேடு, ஓடிக்கொண்டிருக்கும் சக்‌ஷன், ஜாக்சன் ரீஸ் சர்க்யூட் (குழந்தைக்குக் கையால் மூச்சு கொடுக்கும் பையும் குழாயும்), தனியே ஒரு ஆம்பு பேக் (தானே விரியும் மூச்சுப் பை).

கண்காணிப்புக் கருவிகளில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இல்லாமல் தொடங்கக் கூடாது. டியூப் போட்டால் கேப்னோகிராஃப் (வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவைக் காட்டும் கருவி) கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஆய்வில், ஆக்ஸிமீட்டர் நல்ல அளவு காட்டியும் ரத்தத்தில் உண்மையில் ஆக்ஸிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு காணப்பட்டது. கருநிறத் தோல் நம் குழந்தைகள் பலருக்கும் உண்டு. 92 காட்டும்போது ‘பரவாயில்லை’ என்று விடாமல் 94-லேயே காரணம் தேடுங்கள். நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள். விரலில் அடர்ந்த மருதாணி இருந்தால் புரோபை வேறு விரலிலோ காது மடலிலோ மாட்டுங்கள். வெள்ளி அரைஞாண், கொலுசு, தாயத்து ஆகியவற்றைப் பெற்றோரிடம் சொல்லிக் கழற்றச் செய்யுங்கள். டயதெர்மி (மின்சாரத்தால் வெட்டும், ரத்தத்தை நிறுத்தும் கருவி) ஓடும்போது உலோகம் தோலைச் சுடலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தும்போது நான்கு வரிகள் சேருங்கள்: எடை என்ன, தாங்கக்கூடிய ரத்த இழப்பு எத்தனை மில்லி, மரப்பு மருந்தின் உச்ச அளவு எத்தனை மில்லி, கானுலாவைக் கடைசியில் கழுவியாயிற்றா.

படி 5: குரல்வளை இறுக்கத்தை மாதம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்

குழந்தை ஓ.டி.யில் எல்லோரும் ஒருநாள் சந்திக்கும் நெருக்கடி இது. மயக்கம் பாதியில் இருக்கும்போது எச்சிலோ ரத்தத் துளியோ குரல்நாண்களைத் தொட்டால் அவை மூடிக்கொள்ளும். நெஞ்சு இழுக்கும், பை அசையாது.

வேலை வரிசை இது. தூண்டுதலை நிறுத்து, சர்ஜன் கையை எடுக்க வேண்டும். நூறு விழுக்காடு ஆக்ஸிஜன், முகமூடியை இறுக்கிப் பிடித்துத் தொடர் அழுத்தம், தாடையை முன்னே தள்ளு. காது மடலுக்குப் பின்னே உள்ள பள்ளத்தில் இரு பக்கமும் விரலால் அழுத்து. இறுக்கம் விடவில்லையா, மயக்க மருந்தான புரோபோஃபால் கிலோவுக்கு அரை முதல் 1 மில்லிகிராம். ஆக்ஸிஜன் அளவு இன்னும் இறங்குகிறதா, சக்ஸமித்தோனியம். இதயத் துடிப்பு குறைந்தால் அட்ரோபின், ஆனால் முதல் மருந்து ஆக்ஸிஜன்தான். கைக்குழந்தையின் துடிப்பு குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் மூச்சுதான்.

தவறு எங்கே நடக்கிறது? அடைத்த தொண்டைக்குள் பையை வலுவாக அமுக்குவதால் வயிறு உப்பி, மூச்சு இன்னும் கடினமாகிறது. சக்ஸமித்தோனியம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, ஃப்ரிட்ஜ் அடுத்த அறையில் இருக்கிறது. ஒத்திகையில் ‘மருந்து கைக்கு வர எத்தனை நொடி’ என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 30 நொடிக்கு மேல் ஆனால் ஃப்ரிட்ஜை நகர்த்துங்கள்.

படி 6: திரவம், சூடு, வலி

10 கிலோ வரை கிலோவுக்கு 4 மில்லி, அடுத்த பத்துக்கு 2, அதற்கு மேல் 1 என்பது மணிக்கான கணக்கு. 14 கிலோவுக்கு 48 மில்லி. மைக்ரோ ட்ரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு என்பதால் நிமிடத்துக்கு 48 சொட்டு விட்டால் அதே அளவு. பியூரெட் செட்டில் (அளவுக் குறி போட்ட சிறு குடுவை உள்ள ட்ரிப் செட்) ஒரு மணிக்கான அளவை மட்டும் நிரப்பினால், ரோலர் திறந்தாலும் ஆபத்து அந்த அளவோடு நிற்கும்.

ஆபரேஷனின்போதும் பிறகும் ரிங்கர் லாக்டேட் போன்ற திரவமே. வார்டில் வழக்கமாக மாட்டப்படும் ஐசோலைட்-பி பாட்டிலில் லிட்டருக்குச் சுமார் 25 மில்லிமோல்தான் சோடியம். ரிங்கர் லாக்டேட்டில் 130. ஆபரேஷனுக்குப் பின் உடல் நீரை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும். சோடியம் இறங்கி மறுநாள் வலிப்பு வரலாம். பச்சிளம் குழந்தைக்குச் சர்க்கரை வேண்டுமானால் 500 மில்லி ரிங்கர் லாக்டேட்டில் 25 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் 20 மில்லி சேர்த்தால் ஏறக்குறைய 1 விழுக்காடு ஆகும்.

ரத்த இழப்பை மதிப்பிட நனைந்த பஞ்சை எடை போடுங்கள். 1 கிராம் கூடினால் 1 மில்லி. மூன்று கிலோ குழந்தைக்கு 25 மில்லி போனாலே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

சூட்டுக்கு விலையுயர்ந்த கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் குழந்தை உள்ளே வருவதற்கு முன் ஏ.சி.யை நிறுத்தி அறையை 26 டிகிரிக்கு ஏற்றுங்கள், தலைக்கும் கை கால்களுக்கும் பஞ்சு சுற்றுங்கள், கழுவும் சலைனைச் சூடாக்குங்கள். சுடுதண்ணீர் நிரப்பிய கையுறையை உடலோடு வைக்காதீர்கள். மயங்கிய குழந்தை கொப்புளம் வந்தாலும் அழாது.

வலியில் மரப்பு மருந்துக்கு முதலிடம். புபிவகெய்ன் உச்ச அளவு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், 10 கிலோவுக்கு கால் விழுக்காடு என்றால் 10 மில்லி, அரை விழுக்காடு என்றால் 5. காடல் (முதுகெலும்பின் அடிப்பகுதியில் போடும் மரப்பு ஊசி) கொடுத்த பின் சர்ஜனும் காயத்தில் போட்டால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. கொழுப்புக் கரைசல் 20 விழுக்காடு ஒரு பாட்டில் ஓ.டி.யில் இருக்க வேண்டும். மரப்பு மருந்தின் நச்சு ஏறினால் முதலில் கிலோவுக்கு 1.5 மில்லி. கோடீன், டிரமடால் என்ற வலி மருந்துகளை 12 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் அறிவித்தது. சில குழந்தைகளின் கல்லீரல் அவற்றை மிக விரைவாக வீரியமான பொருளாக மாற்றி, மூச்சை நிறுத்திவிடுகிறது. டிரமடால் நம் வார்டுகளில் இன்னும் சாதாரணமாக எழுதப்படுகிறது. டான்சில் எடுத்த, குறட்டை விடும் குழந்தைக்கு அது கூடவே கூடாது.

படி 7: ரெக்கவரியிலும் ஒரு குழந்தைக்கு ஒரு நர்ஸ்

விழித்து, அழுது, ஆக்ஸிஜன் இல்லாமலேயே அளவு நிற்கும் வரை நர்ஸ் நகரக் கூடாது. பக்கவாட்டில் படுக்கவையுங்கள். தாயை முடிந்தவரை சீக்கிரம் உள்ளே விடுங்கள்.

கானுலாவுக்குள் மிஞ்சும் தசைத் தளர்வு மருந்து வார்டில் ஆன்டிபயாடிக் தள்ளும்போது உள்ளே போய், படுக்கையிலேயே குழந்தையின் மூச்சை நிறுத்தும். தியேட்டரை விட்டு வெளியே வருவதற்கு முன் 2 மில்லி சலைனால் கழுவுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கருவுற்ற கணக்கில் 60 வாரம் ஆகவில்லை என்றால் அன்றே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மூச்சு நிற்கும் ஆபத்து உண்டு. இரவு முழுக்க மானிட்டரோடு இருக்கட்டும்.

படி 8: யாருக்குக் குறைவாகக் கிடைக்கிறது?

மொத்தத்தில் எண்கள் நன்றாக இருந்தும் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மோசமாக இருக்கலாம். அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆரோக்கியமானவர்கள் என்று கணிக்கப்பட்ட 1,72,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தது. ஆபரேஷனுக்குப் பிறகான 30 நாளில் இறக்கும் வாய்ப்பு வெள்ளைக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகளுக்கு மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. பிரித்துப் பார்த்ததால்தான் அது தெரிந்தது.

உங்கள் ஐந்து விவரத் தாளில் இன்னும் நான்கு கட்டங்கள் சேருங்கள்: வீடு எத்தனை கிலோமீட்டர், காப்பீட்டுத் திட்டமா சொந்தப் பணமா, வீட்டில் பேசும் மொழி, பகலா இரவா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எண்ணிக்கை சிறியது என்பதால் ஒரு மாதக் கணக்கை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியவை வெளிப்படை: தொலைவிலிருந்து வருபவர்களின் பட்டினி நேரம் நீள்கிறதா, காப்பீட்டுக் குழந்தைகள் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்களா, இரவு கேஸ்களில் வலி மதிப்பெண் எழுதப்படுகிறதா.

திருத்தங்களும் அங்கிருந்தே வரும். தொலைவில் இருப்பவர்களுக்கு முதல் இடம் கொடுக்காதீர்கள், பத்து மணி இடம் கொடுங்கள். முதல் பஸ்ஸில் வந்தாலும் சேர முடியும். பட்டியல் நீண்டால் கைக்குழந்தை முதலில், வயது ஏறும் வரிசையில். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை, ரேஷன் கார்டு நகல் ஆகியவற்றை மயக்க மருந்துப் பரிசோதனைக்கு வரும் நாளிலேயே சரிபாருங்கள். காகிதக் குறையால் காலையில் கேஸ் ரத்தாகக் கூடாது. திருப்பூர் போன்ற ஊர்களில் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசும் குடும்பங்கள் வரும். பட்டினி நேரத்தை அந்த மொழிகளில் குரல் செய்தியாகப் பதிந்து போனில் அனுப்புங்கள். பத்து வயது அண்ணனை வைத்துச் சம்மதம் வாங்காதீர்கள்.

பேச முடியாத குழந்தைக்கு, மூளைவாதமோ ஆட்டிசமோ உள்ள குழந்தைக்கு, முகம், கால், அசைவு, அழுகை, ஆறுதல் என்ற ஐந்தையும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பிடும் அளவுகோலைப் பயன்படுத்துங்கள். அதற்கு முன் தாயிடம் “வலிச்சா இவன் எப்படி இருப்பான்?” என்று கேட்டு, அந்த விடையை ஷீட்டில் எழுதுங்கள்.

படி 9: எதை எடுப்பது, எதை அனுப்புவது

பிரிட்டனில் 1989-இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை, எப்போதாவது ஒருமுறை மட்டும் குழந்தைகளைத் தொடுபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்றது. நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் சென்னைக்கோ மதுரைக்கோ அனுப்பினால், குடலிறக்கத்துக்காக நான்கு வயதுக் குழந்தையின் குடும்பம் 200 கிலோமீட்டர் போகும், அல்லது போகாமல் குடல் சிக்கும் வரை காத்திருக்கும். கோடு வரைந்து சுவரில் ஒட்டுங்கள்: ஒரு வயதுக்கு மேல், வேறு நோய் இல்லாத குழந்தைக்கு வெளிப்புற அறுவை இங்கே, பிறந்த ஒரு மாதத்துக்குள், இதயக் குறைபாடு, வாய் திறக்காத குழந்தை, ஐந்து கிலோவுக்குக் கீழே எல்லாம் பெரிய மருத்துவமனைக்கு. நடுவில் உள்ளவை அன்று யார் பணியில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, அதையும் எழுதிவையுங்கள்.

அனுப்பும்போது ஆம்புலன்ஸை அழைப்பதற்கு முன்பே அந்த மருத்துவமனைக்குப் பேசி, வாங்கிக்கொள்பவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கானுலா, மூக்கு வழி வயிற்றுக் குழாய் திறந்தபடி, தலைக்குத் தொப்பி, தாயின் மார்போடோ பஞ்சிலோ சூடு, புறப்படும் முன் சர்க்கரை அளவு. மருந்துத் தாளின் நகல் ஒன்று குழந்தையோடு போகட்டும். எடை அதில் முதல் வரியில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஆம்புலன்ஸ் கதவை மூடுங்கள்.